மீசை எடுப்பா

பாதி மீசை தரையில் விழுந்த பிறகுதான் சவரக்காரருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

கடவுள் என்ன சொன்னார்? நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "மீசை எடுப்பா..." என்றார். அதற்குப் பின் நீளமாக ஒரு கொட்டாவி. சவரக்காரரும் சொல் தட்டாமல் வலது பக்கத்தை எடுத்துவிட்டார். கத்தியைத் துடைக்கும்போதுதான் அந்தச் சொல்லை மறுபடி நினைத்துப் பார்த்தார். மீசையை எடுத்துவிடப்பா என்றாரா? இல்லை, 'மீசை எடுப்பா இருக்கணும்' என்று ஆரம்பித்து மிச்சத்தைக் கொட்டாவியோடு விழுங்கிவிட்டாரா?

முன்பின் பழக்கமில்லாத ஆளிடம் ஒரு கடவுள் 'பா' போட்டுப் பேசுவாரா?

வேறு கடவுளாக இருந்தால் இவ்வளவு பயமில்லை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மழைக்கடவுள் இருந்தார். கோபம் வந்தால் ஆளை நனைத்து அனுப்புவார், துவட்டிக்கொள்ளலாம். நடுத்தளத்தில் தூக்கக்கடவுள். அவர் கதவு திறந்து யாரும் பார்த்ததில்லை. மேல்மாடியில் இருந்த இவரோ அழகுக்கடவுள். இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கல்தொட்டி, அது நிறையத் தேரைகள். எல்லாம் ஒரு காலத்தில் இந்த அறைக்கு வேலைக்கு வந்த மனிதர்கள் என்பது ஊருக்கே தெரியும். ஓவியர், தையல்காரர், பாடகி. ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது இவருக்கு முன்னால் வந்த சவரக்காரர். தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவருக்கே இந்தக் கதி.

காலையில் கிளம்பும்போது மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்: "தேரையா வந்து வாசல்ல நின்னா உள்ள விட மாட்டேன், சொல்லிட்டேன். உங்களுக்கு ஈ பிடிச்சுப் போட என்னால ஆகாது." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுதது தெருமுனை வரைக்கும் கேட்டது.

அந்த அறைக்குப் பல வருஷமாகத் தண்ணீர் சுமக்கும் தண்ணிக்காரம்மா வெந்நீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். கடவுளின் முகத்தைப் பார்த்தாள். தரையில் கிடந்த மீசையைப் பார்த்தாள். குடத்தை மெதுவாக இறக்கிவைத்தாள்.

"ஏன்யா, இதுக்கு ஜோடி எங்கே?" என்று காதோடு கேட்டாள்.

"எடுக்கச் சொன்னாரேக்கா..."

"எடுப்பா இருக்கணும்னு சொல்லியிருப்பார். காதுல என்ன, சோப்பு நுரையா?"

சவரக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப என்னக்கா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே. நல்லாத்தான் கெடுத்திருக்கே. இப்படியே விட்டுட்டு, முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுக் கிளம்பு."

"இந்தக் கோலத்தை அவர் கண்ணாடியில பார்த்தா?"

தண்ணிக்காரம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. கடவுள் வேலை முடியும்வரை கண்ணைத்தான் திறக்க மாட்டார். காது எப்போதும் திறந்தேயிருக்கும்.

"என்னப்பா அங்கே சத்தம்?"

"கத்தி தீட்டுறேன் சாமி!"

சொன்ன பிறகுதான் சவரக்காரருக்கு உறைத்தது. என்ன'ப்பா'! 'பா' போட்டுத்தான் பேசுகிறார்! அப்படியென்றால் எடுக்கத்தான் சொல்லியிருக்கிறார். போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுப்பா இருக்கட்டும்" என்றார் கடவுள்.

வந்த பாதியும் போய்விட்டது.

சவரக்காரர் விளக்கிலிருந்து கரியைத் தொட்டு, இல்லாத மீசையை வரையத் தொடங்கினார். நடுங்காத கையாக இருந்தால் அது மீசையாகியிருக்கும். இவர் கை நடுங்கிய நடுக்கத்தில் அது பூரான் போல் நெளிந்து காதுவரை போனது. துடைக்கப் போனார். கன்னம் முழுவதும் கரி.

"போதும்யா, நிறுத்து" என்றாள் தண்ணிக்காரம்மா.

"நீங்க சும்மா இருங்கக்கா. உங்களுக்கென்ன, குடத்தைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க."

உண்மையான மீசைக்கு உண்மையான முடிதான் வேண்டும் என்று முடிவு செய்தார். தரையில் விழுந்த முடி நுரையில் குழைந்து கிடந்தது. தன் தலையில் ஒன்றுமில்லை. அவருடைய முகத்தில் இருந்த ஒரே சொத்து அவருடைய மீசை. அதில் பாதியை வெட்டி, மெழுகு தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடவுளின் உதட்டுக்கு மேல் ஒட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரே ஒரு குறை. கடவுளின் மீசை கறுப்பு, இவருடையது நரை.

"இப்ப ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி" என்றாள் தண்ணிக்காரம்மா. "நிறுத்துன்னா கேக்க மாட்டியா? இந்த அளவுல கிளம்பினாலும் தப்பிச்சிடுவேய்யா."

"கிளம்பினாத் தேரை. உங்களுக்குப் புரியலையாக்கா?"

கறுப்பை நரையாக்குவது சுலபம் என்று அவருக்குத் தோன்றியது. பவுடர் டப்பாவைத் திறந்து இடப்பக்க மீசைமேல் தட்டினார். டப்பாவின் மூடி கழன்று மொத்தப் பவுடரும் கடவுளின் மூக்கில் இறங்கியது.

கடவுள் தும்மினார்.

ஜன்னல்கள் அதிர்ந்தன. கீழ்த்தளத்தில் யாரோ "யாருப்பா அது?" என்று கத்தினார்கள். தொட்டிக்குள் தேரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் பாய்ந்தன. ஒட்டுமீசை பறந்துபோய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. சவரக்காரரின் கையிலிருந்த கத்தி எங்கே போய் எதைத் தொட்டது என்று அவருக்கே தெரியவில்லை. கடவுளின் மடியில் ஒரு புருவம் அலுங்காமல் விழுந்தபோதுதான் தெரிந்தது.

"மன்னிச்சுக்கப்பா" என்றார் கடவுள், கண்ணைத் திறக்காமலே. "வேலையைக் கெடுத்துட்டேனா?"

"இல்ல சாமி" என்றார் சவரக்காரர். அந்தக் குரல் அவருடையது போலவே இல்லை.

இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் மனிதனுக்கு ஒரு தெளிவு வந்துவிடுகிறது. மனைவியின் முகத்தை ஒருமுறை நினைத்துக்கொண்டு, சவரக்காரர் மற்றப் புருவத்தை எடுத்தார். மிச்சமிருந்த மீசையை எடுத்தார். நெற்றியில் தொங்கிய சுருள்முடி தனியாக அசிங்கமாகத் தெரிந்தது, அதையும் எடுத்தார். வெந்நீரில் துணியை நனைத்து, கரியும் பவுடரும் போக அழுத்தித் துடைத்தார். கொஞ்சம் எண்ணெய் தடவினார். அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான்.

பிறகு இரண்டடி பின்னால் வந்து பார்த்தார்.

அகலமான, வழவழப்பான, பளபளக்கும் முகம். முடி மறைக்காததால் இமைகள் இரண்டும் புடைத்துக்கொண்டு நின்றன. மீசை மறைக்காததால் வாய் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை போனது. இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தபடி சவரக்காரர் தொட்டிப் பக்கம் திரும்பினார். திரும்பியதும் தெரிந்துவிட்டது. அழகுக்கடவுளை அச்சு அசல் ஒரு தேரையாக்கி வைத்திருந்தார்.

"ஐயோ" என்றாள் தண்ணிக்காரம்மா. "கடைசியில முடிச்சே விட்டியா?"

கடவுள் கண்ணைத் திறந்தார். கையை நீட்டினார். சவரக்காரர் கண்ணாடியைக் கொடுத்தார். கொடுத்த கை தானாகக் கும்பிட்டு நின்றது.

கடவுள் பார்த்தார். முகத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தப் புடைத்த கண்களிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கியது.

"எத்தனை யுகமாக் கண்ணாடி பார்க்கிறேன்" என்றார். குரல் தழுதழுத்தது. "இந்த முகம் இத்தனை நாளா எங்கேப்பா இருந்தது? வந்தவன் எல்லாம் அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் அழகு காட்டினான். நீதாம்பா முழுசாக் கொண்டுவந்தே!"

சவரக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பிடிச்சிருக்கா சாமி? கோபம் இல்லையே?"

"கோபமா? உனக்கு என்ன குடுக்கிறதுன்னு யோசிக்கிறேன்."

"ஒண்ணும் வேண்டாம் சாமி. வீட்டுக்கு அனுப்பினாப் போதும். பொண்டாட்டி காத்துக்கிட்டிருக்கா."

"என்ன அடக்கம்!" கடவுள் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "இவ்வளவு பெரிய கலைஞனை வெறுங்கையோட அனுப்பிட்டு நான் தூங்க முடியுமா?"

சவரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணிக்காரம்மாவைப் பெருமையாகப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் கைவிட்டுத் தேரைகளை ஓரமாக ஒதுக்கி, நடுவில் இடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேனேய்யா, நிறுத்து நிறுத்துன்னு, கோபம் வந்தா நாலு வார்த்தை திட்டி வீட்டுக்கு அனுப்பிடுவார், மனசு குளிர்ந்தாத்தான் தேரையாக்கி அழகு பார்ப்பார்."