மூன்றே செகண்டில் டோக்கன்

எல்லாரும் சௌக்கியமா? முட்டி, முதுகு, சுகர், பிரஷர் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? கேட்காவிட்டாலும் கொஞ்சம் பொறுங்கள். ஜெஸ்ஸியின் கதையைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசல். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், அங்கேதான் எனக்கு மாத்திரை வாங்குகிறார்கள். புது டோக்கன் மிஷினுக்குப் பக்கத்தில், அதை வடிவமைத்த ஜெஸ்ஸி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எதிரே ஒரு பெரியவர். அவர் கையில் ஐந்து டோக்கன்.

"ஐயா, ஒண்ணுதான் எடுக்கணும். எதுக்கு அஞ்சையும் அமுக்குனீங்க?"

"நீதானம்மா சொன்ன, எங்க வலிக்குதோ அந்தப் படத்த அமுக்குன்னு. எனக்கு அம்புட்டும் வலிக்குது."

திரையில் கண், காது, எலும்பு, இதயம், குழந்தை என்று ஐந்து படங்கள். ஜெஸ்ஸியே வரைந்தவை. எழுத்தே தெரியாவிட்டாலும் பார்த்தவுடன் புரிய வேண்டும் என்பது அவள் பெங்களூரில் படித்த பாடம். எல்லாருக்கும் புரியத்தான் செய்தது, ஆளுக்கு ஒரு மாதிரி. ஓர் அம்மாள் காதுப் படத்தில் தன் காதை ஒட்டவைத்து, "ஒண்ணுமே கேக்கலயே" என்றாள். கல்யாணமாகி மூன்று வருஷமான ஒரு பெண், குழந்தைப் படத்தை அமுக்கிவிட்டு, குழந்தை டாக்டர் அறை வாசலில் தலையைக் குனிந்தபடி புருஷனோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜெஸ்ஸிக்கு ஒரு வாரம்தான் கெடு. மிஷின் ஓடுகிற அழகைப் பார்த்துச் சனிக்கிழமை முடிவு சொல்வதாக மேனேஜர் ஆனந்த்ராஜ் சொல்லியிருந்தார். சரியாக வந்தால் சொந்த ஊரில் நிரந்தர வேலை. வராவிட்டால் மறுபடியும் பெங்களூர், ஆறு பேர் படுக்கும் அறை, சர்க்கரை போட்ட சாம்பார்.

"சாரி சார்" என்று அவரிடம் போய் நின்றாள். "ஒரே குழப்பமாயிருச்சு. வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."

ஆனந்த்ராஜ் ஜன்னல் வழியாக வரிசையை ஆசையாகப் பார்த்தார். "பரவால்லம்மா. மெதுவாப் பாருங்க. அவசரமே இல்ல."

பெங்களூரில் எந்த மேனேஜர் வாயிலிருந்தும் அவள் கேட்டிராத வார்த்தை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மனுஷனுக்காகவாவது மிஷினைச் சரிசெய்தே தீருவது என்று அன்று சாயங்காலமே உட்கார்ந்தாள்.

தெரியாமல் அமுக்கிவிடுவதுதானே சிக்கல்? அமுக்கியதும் மிஷின் ஒரு கேள்வி கேட்கும்படி செய்தாள்.

புதன்கிழமை காலை, இதயப் படத்தை அமுக்கிய மாடசாமி என்பவரிடம் மிஷின் இனிமையான பெண் குரலில் கேட்டது: "இதயம்தானா? நிச்சயமாகவா?"

மாடசாமி பின்வாங்கினார். "நிச்சயமாவான்னா? அத டாக்டருல்ல சொல்லணும்!"

"ஆமான்னு அமுக்குங்கய்யா" என்றாள் ஜெஸ்ஸி.

"நான் எதுக்கு ஆமாங்கணும்? வாயுவாக் கூட இருக்கலாம்."

அதற்குள் அவர் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "மிஷினே ரெண்டு தடவ கேக்குதே! பெரிய வியாதி போலருக்கே! மூத்தவனுக்குப் போனப் போடுங்க!"

அவளைத் தேற்றுவதற்கு நாலு பேர் வரிசையிலிருந்து வந்தார்கள். வந்தவர்களின் இடத்தில் வேறு நாலு பேர் நுழைந்தார்கள். அதற்கொரு சண்டை. வரிசை எதிர்ச்சாரி டீக்கடைக்குள் போய்விட்டது.

"நல்லாத்தான் போகுது" என்றார் ஆனந்த்ராஜ்.

கேலி செய்கிறார் என்று நினைத்தாள் ஜெஸ்ஸி. இனிமேல் புரிகிறதோ இல்லையோ, வேகம்தான் முக்கியம். படம் போனது, கேள்வி போனது. செல் நம்பரை அடித்தால் போதும், பழைய நோயாளியின் பேர், வயசு, வியாதி எல்லாம் தானாக வந்துவிடும். நர்ஸுகளை வைத்துச் சோதித்ததில் பதினோரு செகண்ட்.

வியாழக்கிழமை அய்யலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பதினாலு பேர் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக நம்பரை அடித்தார்கள். பதினாலு டோக்கனும் ஒரே மாதிரி வந்தன: சின்னக்கண்ணு, வயது 62, மூட்டுவலி.

"சின்னக்கண்ணு!" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். பதினாலு பேரும் எழுந்து போனார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி தீபாவிடம் நர்ஸ் நிமிர்ந்தே பார்க்காமல், "வேட்டியத் தூக்கி முட்டியக் காட்டுங்க தாத்தா" என்றாள்.

ஜெஸ்ஸி ஓடிவந்தாள். "ஏங்க, அவங்கவங்க நம்பரப் போடுங்க!"

"இதுதேன் எங்க நம்பரு" என்றாள் தீபா. "ஊருக்கே இதுதேன். மொதல்ல இதக் குடுத்தது சின்னக்கண்ணு தாத்தா."

"யாரு போனு இது?"

"வேன்கார அண்ணனோடது. எங்க போனுக்கு மெசேஜ் வந்தா யாரு படிக்கிறது? அண்ணன்தேன் படிச்சுச் சொல்லி, அதுவே வேன்ல ஏத்திக்கிட்டும் வரும்."

வேன்காரர் வேலுசாமி நெஞ்சை நிமிர்த்தினார். "இவுக அம்புட்டுப் பேருக்கும் ஓடிபியே நாந்தேன் பாப்பா."

அன்றைக்கு ஹாலில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் ஒன்றாகச் சேர்ந்து மிஷினைத் திட்டினார்கள். "இந்த மிஷினு மண்ணாப் போக!" "இதக் கொண்டாந்தவன் கை வெளங்குமா?" ஒரு பாட்டி அதன்மேல் வெற்றிலையைத் துப்பினாள். தரை துடைக்கும் மாயம்மாள் சிரித்துக்கொண்டே வந்து திரையைத் துடைத்தாள்.

ஆனந்த்ராஜ் ஜெஸ்ஸிக்கு வடை வாங்கிக் கொடுத்தார். போகிற ஆளுக்குக் கொடுக்கிற மரியாதை என்று அவள் அழுதுகொண்டே தின்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தாள். திரையில் தோசைக்கல் அளவுக்கு ஒரு பச்சைப் பட்டன் மட்டும். அமுக்கினால் டோக்கன். எந்த டாக்டர் என்பதை உள்ளே நர்ஸ் கேட்டுக்கொள்வாள்.

சனிக்கிழமை, ஒரு டோக்கனுக்கு மூன்றே செகண்ட். எட்டு மணிக்குள் நூற்று இருபது பேரும் டோக்கன் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். வரிசை இல்லை, வசவு இல்லை. ஐந்து டோக்கன் பெரியவர்கூட ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, "நல்லாயிருப்ப தாயி" என்றார். அந்த வாரத்தில் முதல்முறையாக ஜெஸ்ஸி நிம்மதியாக வீட்டுக்குப் போய் நாலு இட்லி தின்று, தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

அவள் திரும்பிவந்தபோது மணி பத்து. உள்ளே ஆட்டுச் சந்தை மாதிரி இரைச்சல். சட்டைப் பொத்தான் அறுந்த நிலையில் ஆனந்த்ராஜ் வெளியே ஓடிவந்தார்.

"யாரக் கேட்டும்மா மாத்துனீங்க?"

"சார், மூணு செகண்டுல டோக்கன்..."

"அதாம்மா பிரச்சனையே! உடனே பழையபடி மாத்துங்க. படம் இருக்கட்டும், கேள்வி இருக்கட்டும், செல் நம்பரும் இருக்கட்டும். மூணையும் சேத்துப் போடுங்க! வியாழக்கிழமை ஒரு குழப்பம் இருந்துச்சுல்ல, அதவிடக் கொஞ்சம் கூடுதலாவே இருந்தா திங்கக்கிழமையே உங்களுக்கு ஆர்டர் அடிச்சுத் தாரேன்!"

சொல்லிவிட்டுப் பின்வாசல் பக்கமாக ஓடிப்போனார். ஜெஸ்ஸி அவர் போன திசையையும் பச்சைப் பட்டனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது கூடவா வெளங்கல கண்ணு?" மாயம்மாள் பச்சைப் பட்டனை ஈரத்துணியால் துடைத்தாள். "டாக்டருங்க வாரதே பதினோரு மணிக்கு. அதுவரைக்கும் சனம் வைய எதுனாச்சும் வேணும்ல? போன வாரம் வரைக்கும் அது நாந்தேன்."

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வசவு வாங்குவது மிஷினா, மனுஷியா? மறக்காமல் எனக்கு எழுதிப் போடுங்கள்.