மயில்துத்தம் போட்ட ஆராய்ச்சி

ஒரு விஞ்ஞானக் கட்டுரையைக் கெடுக்க வேண்டுமானால் நிறையப் படித்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். 'ஆங்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் சொல்லாமலே, மூன்று பிரதி டைப் அடித்து, தபாலில் போடத் தயாராக இருந்த ஒரு கட்டுரையைக் கவிழ்த்திருக்கிறேன். இத்தனை வருஷம் இதை எழுதக் கூச்சமாக இருந்தது. இப்போதும் கூச்சம்தான். கூச்சப்பட வயசு மிச்சமில்லை என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் ஆரம்பம். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். எங்கள் பக்கத்து வீடுகளில் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்கும். அதனால் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவர் எனக்கு 'பாவா'தான். ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி பகுதியில் தற்காலிக வேலை. திருத்தணியில் மலைக்குக் கீழே, பின்பக்கம் கிணறு வைத்த வாடகை வீட்டில் இருந்தோம். தினமும் ரயிலில் போய் வருவார். ஒரு கட்டுரை அச்சில் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அந்த வருஷத்தோடு வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்கள்.

என் கூச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்பளை யாராவது வாசலில் வந்து "சார் இருக்காரா?" என்று கேட்டால், கதவுக்குப் பின்னால் நின்றபடி வளையலைக் குலுக்குவேன். இருந்தால் ஒரு தரம், இல்லாவிட்டால் இரண்டு தரம். (இது பால்காரர் ஒருவருக்குத்தான் புரிந்தது. மற்றவர்கள் நான் பாத்திரம் துலக்குவதாக நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்கள்.)

பாவாவின் ஆராய்ச்சி தறிக்குப் போடும் கஞ்சியைப் பற்றியது. நெய்வதற்கு முன் நூலைப் பாவாக, நீளவாட்டில் நீட்டி, அறுந்து போகாமல் இருக்கக் கஞ்சி தோய்ப்பார்கள். மழைக்காலத்தில் அதில் பூசணம் பிடித்து நூல் வீணாகும். தண்ணீரை மாற்றினால் பூசணம் குறையுமா என்று பார்ப்பதுதான் அவர் எண்ணம். காலேஜ் குழாய்த் தண்ணீரில் அவரே அங்கே கஞ்சி காய்ச்சினார். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சும் பொறுப்பு எனக்கு. நான் ஆர்.கே.பேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண்; கஞ்சி காய்ச்ச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தனி மண்பானையில் காய்ச்சித் தூக்கில் ஊற்றிக் கொடுப்பேன். அவர் அதில் நூலைத் தோய்த்து பாட்டிலில் போட்டு வைப்பார். எதற்கென்று அவர் அப்போது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் தூக்கு போய்ப் பத்து நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சுலோச்சனா, உன் கஞ்சியில பூசணம் பூனைக்குட்டி மாதிரி வளர்ந்துகினு இருக்குது. 'யாரு வூட்டு கஞ்சி சார் இது'ன்னு அட்டெண்டர் கேக்கறாரு!"

அவர் சிரித்தார். எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு காலேஜ் முழுக்க என் கஞ்சியைப் பார்த்து மூக்கைப் பிடிப்பதாகத் தோன்றியது. எங்கள் அம்மா வீட்டில் மழைக்காலக் கஞ்சியில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் பொடித்துப் போடுவார்கள். நீலக் கல் மாதிரி இருக்கும்; விஷம். பூசணம் கிட்டே வராது. (பயப்படாதீர்கள், இது நூல் குடிக்கிற கஞ்சி.) அடுத்த தூக்கிலிருந்து நானும் போட்டேன். மானம் காப்பாற்றப்பட்டது. பூசணம் வளர்ந்தால்தான் ஆராய்ச்சி என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் பாவாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். காலேஜ் தண்ணீர்க் கஞ்சி பச்சை பூத்தது; எங்கள் வீட்டுக் கஞ்சி மாசக்கணக்கில் சுத்தமாக நின்றது. லேசாக ஒரு நீலம் வேறு. ஏதோ மருந்தை ஊற்றிப் பார்த்தாராம், கருநீலமாகத் திரும்பிற்றாம். கஞ்சியில் தாமிரம்! கிணற்றுத் தண்ணீரைத் தனியாகச் சோதித்தபோது ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சும்போது தண்ணீர் சுண்டுகிறதே, அதனால்தான் கஞ்சியில் தெரிகிறது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். பூனைக்குட்டி வளர்ந்த முதல் பாட்டிலை 'ஏதோ கைப்பிழை' என்று கணக்கில் சேர்க்கவில்லை. முடிவு? எங்கள் கிணற்றுக்கு அடியில், அதாவது மலைக்கு அடியில், தாமிரம் இருக்கிறது.

கட்டுரை இங்கிலீஷில் தயாரானது. அவருக்குப் பாடம் நடத்திய புரொபசர் ஒருவர் மெட்ராஸில் இருந்தார். "எழுதினதை வீட்டுல யாருக்காவது தமிழ்ல சொல்லிப் பாரு. அவங்களுக்கு விளங்கினாத்தான் உன் எழுத்து தெளிவுன்னு அர்த்தம்" என்று கடிதம் போட்டிருந்தார். வீட்டில் நான் ஒருத்திதான் 'யாராவது'.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவேன். அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லுவார். கதை கேட்கிறவர்கள் நடுவில் உம் கொட்ட வேண்டும் என்று சின்ன வயசிலிருந்தே பழக்கம். கொட்டாவிட்டால் சொல்லுகிறவருக்கு மரியாதை இல்லை.

"நாரிழையின் மேற்பரப்பில் படியும் மாவுப்பொருள் படலமானது..."

ஒரு கல். "ஆங்."

"...ஈரப்பதம் மிகுந்த சூழலில் நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்கு ஆட்படுகிறது."

இன்னொரு கல். "ஆங்."

"புரியுதா சுலோச்சனா?"

"ஆங்."

அந்த வருஷ அரிசியில் கல் அதிகம். கட்டுரை மிகத் தெளிவாக இருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

தபாலில் போடுவதற்கு முந்தின நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புரொபசர் சம்சாரத்தோடு திருத்தணி வந்தார். முடி காணிக்கை வேண்டுதல். இறங்கும்போது எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் கோட்டும் கிராப்புமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் வழிய ஒருவர் நின்றார். ஏதோ காவடிக்காரர் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து வளையலை இரண்டு தரம் குலுக்கிவிட்டேன். நல்லவேளை, பாவா ஓடிவந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் புரொபசர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கட்டுரையை முழுசா கேட்டீங்களாமே. புரிஞ்சுதா?"

"ஆங்."

"எதைப் பத்தினது?"

பாவா என்னையே பார்த்தார். வேலை நிரந்தரமாவது என் நாக்கு நுனியில் தொங்குவது போல் இருந்தது. "என்னவோ வளருதுங்க. அது வளரக்கூடாதுங்க" என்றேன்.

"பரவாயில்லையே!" என்றார். பாவாவுக்கு உயிர் வந்தது. "எது மேல வளருது?"

"ஆங்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

புரொபசரம்மா பின்னாலேயே வந்து தரையில் உட்கார்ந்தார். நல்ல மனுஷி. பெண்பிள்ளைகளிடம் எனக்கு வாய் தாராளம். மூலையில் இருந்த மண்பானையைப் பார்த்து, "இது இன்னா தனிப் பானை?" என்றார்.

"பாவுக்குப் போடற கஞ்சிம்மா. பாவா காலேஜுக்கு எடுத்துகினு போவாரு."

"மழைக்காலத்துல பூசணம் வருமே?"

"வரும்மா. முதல் தபா வந்து மானம் போச்சு. அப்புறம் ஒவ்வொரு தபாவும் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுட்டேன். மாசம் மூணானாலும் அப்படியே நிக்குது பாருங்க!"

"இது உன் வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவரு கேக்கவே இல்லீங்களே."

எங்கள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தோள் உயரச் சுவர்தான். அந்தப் பக்கம் புரொபசர் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க, தாமிரம் எங்கிருந்து வந்தது என்று பாவா விளக்கிக்கொண்டிருந்தார். பேச்சு நின்றது. பாவா சமையலறை வாசற்படியில் வந்து நின்றார்.

"இன்னா போட்ட?"

"ஆங்."

"ஆங் இல்ல சுலோச்சனா. இன்னா போட்ட?"

"மயில்துத்தம்."

அவர் அப்படியே ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்தார். மயில்துத்தம் என்றாலே தாமிரம்தானாம். எனக்கு அது அப்போது தெரியாது. மலைக்கு அடியில் இருந்த சுரங்கம் முழுவதும் என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து மாடத்தில், ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தது.

நான் கதவுக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் வேலை போயிற்று, போக்கியது நான் என்று நினைத்தேன். கூடத்தில் பெரிய சிரிப்புச் சத்தம். புரொபசர் சிரித்த சிரிப்பில் சந்தனம் கண்ணில் இறங்கி, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழாதீங்கம்மா. இன்னிக்குச் சொன்னீங்க, பிழைச்சோம். அச்சானப்புறம் சொல்லியிருந்தா இவனை ஊரே சிரிச்சிருக்கும். மலையைத் தோண்ட ஆள் வந்திருக்கும்! ஆனா ஒண்ணு. 'வேறெதுவும் சேர்க்கப்படவில்லை'ன்னு ஒரு இடம் வருதே, அங்கயுமா ஆங் போட்டீங்க?"

(அங்கே ஒரு கல் அகப்பட்டிருக்கும்.)

பிறகு பாவாவிடம் திரும்பினார். "தப்பு அவங்களுது இல்லப்பா. மலையைப் பத்தி ஆறு பக்கம் எழுதியிருக்க. கஞ்சியை யார் காய்ச்சினாங்க, எதுல காய்ச்சினாங்க, என்னென்ன போட்டாங்கன்னு கேட்டு எழுதினியா? முதல் பாட்டிலை ஒளிச்சிட்ட. அதுதான் உண்மையைச் சொன்ன பாட்டில். எங்க தேடினாலும் கஞ்சிங்கற வார்த்தையே இல்ல."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெளி ஆம்பளையிடம் நானாக வாயைத் திறந்தேன்.

"அது கஞ்சியப் பத்தியா?"

இந்த முறை பாவாவே சிரித்துவிட்டார். எனக்கு அதைக் கேட்டபின்தான் மூச்சு வந்தது.

மூன்று பிரதிகளும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. புரொபசர் காலேஜுக்கு ஒரு கடிதம் எழுதி அவகாசம் வாங்கித் தந்தார். எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒரு பானையில் மயில்துத்தம் போடாமல், ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் இன்னும் கொஞ்சம். சிட்டிகை என்றால் அவருக்குப் போதாது, தராசு கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் முறத்தைப் பிடுங்கி வைத்துவிடுவார். ஆங் சொல்லக்கூடாது, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "காய்ச்சினதைச் சொல்றீங்க. ஆற வெச்சு தோய்ச்சீங்களா, சூட்டோடவா?" என்று நான் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டு எழுதிக்கொள்வார். பதினாலு பக்கம் நாலு பக்கமாயிற்று. மலை போயிற்று, கஞ்சி வந்தது. 'முதல் முறை பூசணம் பிடித்தது' என்றும் ஒரு வரி வந்தது. அந்த வரிக்கு நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

அது அச்சில் வந்தது, வேலையும் நிரந்தரமாயிற்று. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பேர் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது அளவுக்கு மீறி நன்றாக அமைந்தாலும் ஒரே கேள்விதான். மகன் கணக்கில் நூறு வாங்கி வந்தபோது, மருமகள் முதல் நாள் வைத்த ரசம் மணத்தபோது, "மயில்துத்தம் போட்டியா?" பாவம், அந்தப் பெண் பயந்துபோய்த் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

போன வாரம் இதை எழுதி முடித்து பாவாவிடம் கொடுத்தேன். இப்போது அவருக்குக் கண் சரியில்லை. பூதக்கண்ணாடி வைத்து, பாதி நாள் படித்தார். மடித்துக் கையில் கொடுத்தார்.

"நல்லாத்தான் வந்திருக்குது. எங்கனா மயில்துத்தம் போட்டிருக்கியா?"

நான் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆங்" என்றேன்.