உணவுக்குழாயால் நின்றுபோகப் பார்த்த நிச்சயதார்த்தம்

மருத்துவப் படிப்பில் மிக ஆபத்தான கட்டம் முதல் ஆறு மாதம்தான். நோயாளிகளுக்கு அல்ல, அவர்கள் பக்கம் நம்மை விடவே மாட்டார்கள். ஆபத்தெல்லாம் சொந்தக்காரர்களுக்கு.

நான் அந்தக் கட்டத்தில் இருந்தபோதுதான் திருவரங்குளத்தில், எங்கள் வீட்டில், அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கந்தர்வக்கோட்டையிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். நல்ல நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததால் முதலில் பந்தி, பிறகு தட்டு மாற்றுவது என்று முடிவானது.

முதல் இலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் (முறைக்கு எனக்குப் பெரியப்பா). நான் வடை பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு போதும் ஆத்தா, நெஞ்சு எரியுது. நீ டாக்டருக்குத்தானே படிக்கிற, ஏன்னு சொல்லு பாப்பம்."

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆறு மாதமாக ஏங்கிக் கிடந்தவள் நான். வடைத் தட்டைக் கீழே வைத்தேன்.

"இரைப்பைக்கு உள்பக்கம் ஒரே வரிசை செல்லுதான் பெரியப்பா. ஆனா வழவழன்னு சளி மாதிரி சுரந்து தன்னைக் காப்பாத்திக்கும். உணவுக்குழாய்ல தட்டையான செல்லு அடுக்கடுக்கா இருக்கும். சோறு உரசுனா தாங்கும், அமிலம் பட்டா தாங்காது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் மரியாதையாகத் தலையாட்டினார், கெட்டது கதை.

"வருஷக்கணக்கா அமிலம் மேல வந்தா, சிலருக்கு அந்த உள்தோலே குடல் மாதிரி மாறிடும்."

அவர் கை பாதி வழியில் நின்றது. "எங்கிட்டு? நெஞ்சுக்குள்ளயா குடலு?"

"ஆமா. அப்புறம் அதுல புத்துநோய்கூட..." (ஆமாம், பந்தியில். பாயசத்துக்கு முன்னால்.)

பெரியப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார். தாய்மாமன் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? வரிசையே எழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா கண் கலங்கினார். "எங்கண்ணன் சாப்புடாம எப்புடித் தட்டு மாத்துறது? நல்ல காரியத்துல இப்புடியா பேசுவாக?" அறை வாசலில் பட்டுப்புடவையில் நின்ற அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு இன்றுவரை மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை.

"ஒங்க டீச்சருக்குப் போன் போடு" என்றார் அப்பா. திசுவியல் நடத்தும் பேராசிரியைக்குப் போட்டேன். அப்பா போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னார்.

"ஐயா, பயப்படாதீங்க" என்றார் மேடம். "அவ சொன்னது ரொம்பச் சில பேருக்குத்தான் வரும். வசதிப்படுறப்ப டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டுங்க. சாப்பிட்டவுடனே படுக்காதீங்க, அது போதும். இவ சொல்றதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. போன வாரப் பரிட்சையில மைக்ராஸ்கோப்புல நாக்கைக் காட்டுனா உணவுக்குழாய்னு எழுதி ஃபெயிலானவ."

வீட்டில் நான் அந்தப் பரிட்சையில் முதல் மதிப்பெண் என்று சொல்லியிருந்தேன். (இரண்டுக்கும் மேலே அடுக்கடுக்கான தட்டைச் செல், கீழே தசை. யாருக்கும் குழம்பும்! ஆனால் அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.)

பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "நாக்கே தெரியலையா இந்தப் புள்ளைக்கு? புது எலை போடுங்க!" பந்தி மறுபடி உட்கார்ந்தது. தட்டும் மாறியது. பிறகு அவர் டாக்டரிடம் காட்டினார். சாதாரண எரிச்சல்தான், மாத்திரையில் சரியானது.

இப்போது புதுக்கோட்டையில் எனக்கென்று ஒரு கிளினிக் இருக்கிறது. பெரியப்பா காய்ச்சல் என்று வந்தாலும் சரி, கால்வலி என்று வந்தாலும் சரி, காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே முதலில் நாக்கை முழுசாக நீட்டி, விரலால் தொட்டுக் காட்டுவார்.

"இது நாக்கு ஆத்தா. நல்லாப் பாத்துக்க. அப்புறம் மருந்து எழுது."