மைனஸ் எட்டு மீட்டர் பந்தல்

சிங்கப்பூரின் தோ பாயோவில் அடுக்குமாடி புளோக்குக்கு முன்னால் உள்ள புல்தரையில் கல்யாணப் பந்தல் போட விரும்புவோர், அதன் பரப்பு நாற்பத்தெட்டு சதுர மீட்டராகவும், நீளம் அகலத்தைவிட இரண்டு மீட்டர் கூடுதலாகவும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பந்தல் அனுமதிப் பிரிவின் விதி. ஏன் என்று கேட்டால், நாடு மீட்டர் முறைக்கு மாறிவிட்டது என்று பதில் வரும்.

சவரிராஜின் மகள் ஆனிக்குச் சனிக்கிழமை கல்யாணம். பத்திரிகை கொடுத்தாயிற்று, ஆட்டுக்கறிக்குச் சொல்லியாயிற்று, பந்தல்தான் பாக்கி. மழை பெய்தால் சம்பந்தி வீட்டார் நனைந்துகொண்டே பிரியாணி சாப்பிடுவார்கள். அந்தப் பேச்சை ஆனி ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும்.

"ஆறுக்கு எட்டு, சார்," என்று அனுமதிப் பிரிவு அதிகாரி வேலாயுதத்திடம் சொன்னார் சவரிராஜ்.

வேலாயுதம் அப்போதுதான் 'கணித வழி நிர்வாகம்' என்ற பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழும் ஒரு டையும் வாங்கி வந்திருந்தார். அந்த வருஷம் அதுதான் மோஸ்தர்.

"வெறும் விடை சொன்னா ஆச்சா? வொர்க்கிங் எங்க?"

"ஆறெட்டு நாப்பத்தெட்டு. இதுல என்ன சார் வொர்க்கிங்?"

"வொர்க்கிங் இல்லாட்டி ஸ்கூல்லயே மார்க் கிடையாது லா. அனுமதி எப்படிக் கிடைக்கும்?"

அதிகாரி பெருந்தன்மையுடன் தாமே பேனாவை எடுத்தார். அகலம் x, நீளம் x + 2. ஆகவே x² + 2x − 48 = 0. பெருக்கினால் மைனஸ் நாற்பத்தெட்டும் கூட்டினால் இரண்டும் வருகிற எண்களைத் தேடிப் பிடித்தார்: எட்டு, மைனஸ் ஆறு. (x + 8)(x − 6) = 0. எனவே x என்பது ஆறு அல்லது மைனஸ் எட்டு.

பேனா நின்றது.

"மிஸ்டர் சவரிராஜ், இன்னொரு பந்தலை ஏன் மறைச்சீங்க?"

"எந்தப் பந்தல், சார்?"

"அகலம் மைனஸ் எட்டு, நீளம் மைனஸ் ஆறு. பெருக்கிப் பாருங்க, அதே நாப்பத்தெட்டு!"

"அப்படி ஒரு பந்தலே உலகத்துல இல்லையே!"

"கணக்குல இருக்கே!"

இரண்டு பந்தல்களும் மேலிடத்தின் பரிசீலனைக்குப் போயின. வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஆறு மீட்டர் பந்தல் நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்பதால் நிராகரிக்கப்பட்டது. மைனஸ் எட்டு மீட்டர் பந்தலால் எவருக்கும் எவ்வித இடையூறும் இராது என்பது தீர ஆராய்ந்து அறியப்பட்டதால், அது மகிழ்ச்சியுடன் அனுமதிக்கப்பட்டது.

சவரிராஜ் அந்த அனுமதிக் கடிதத்தை வீட்டில் கொண்டுவந்து போட்டார்.

"அனுமதி அனுமதிதானே? பேசாம போடுங்க," என்றாள் மனைவி அல்போன்சம்மாள்.

மறுநாள் காலை ஆறுக்கு எட்டுப் பந்தல் எழும்பிவிட்டது. சாப்பாட்டு நேரம் பார்த்து வேலாயுதம் அளவு நாடாவுடன் வந்து சேர்ந்தார்.

"என்ன இது, பந்தல் கண்ணுக்குத் தெரியுதே?"

சவரிராஜ் பிரியாணிச் சட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"நீங்க முன்னால போய் அளந்தா அப்படித்தான் சார் தெரியும். பின்னால நடந்து அளந்து பாருங்க."

வேலாயுதம் நாடாவைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து இரண்டு பக்கமும் அளந்தார். எட்டு, ஆறு. பின்பக்கமாக நடந்ததால் மைனஸ் எட்டு, மைனஸ் ஆறு. "ரொம்பச் சரி," என்று டையைத் தோளில் போட்டுக்கொண்டு பிரியாணிக்கு உட்கார்ந்தார்.

பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளிகள் சிரித்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாரா என்று கேட்க அவர் தட்டைச் சுற்றி வரிசை கட்டி நின்றார்கள். சம்பந்தியையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக நின்றவர் சவரிராஜ்.

"என் சின்னவனுக்கு ஒரு இடம் போடுங்க, சார். ஆறெட்டு என்னன்னு கேட்டா, வொர்க்கிங்கே இல்லாம நாப்பத்தெட்டுன்னு சொல்லிடறான். அவனை நினைச்சாத்தான் பயமா இருக்கு."