ரோமாபுரி ஊறப்போட்ட கவலை மீன்

இராயபுரத்தில் இருந்த நாலு வருஷத்தில் நான் ரவுடிக்குப் பயந்ததில்லை, புயலுக்குப் பயந்ததில்லை. பயந்ததெல்லாம் ரோமாபுரி ஒருவருக்குத்தான்.

துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா அவர். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த மெஸ் மாடியில், என் பக்கத்து அறை. நடைபாதைக் கடையில் ஒரு பழைய புத்தகம் வாங்கினார். ரோமாபுரிக்காரர்கள் அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று அதில் இருந்தது. அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போயிற்று. இலையில் உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார். ஏழைகள் ரொட்டிக்கு உப்பு மீன் தொட்டுக்கொண்டார்களாம், பணக்காரர்கள் வீட்டிலேயே குளம் வெட்டி மீன் வளர்த்தார்களாம். இரண்டு பேருமே எதன்மேலும் மீன் சாறு ஊற்றிக்கொள்வார்களாம்.

"பாயசத்துக்குமா?" என்றார் சமையல்காரர் கோவாலு.

"அவங்க ஊரு இனிப்புக்கும் ஊத்திக்கினான். அதும் பேரு காரும்."

"காரமா? மொளகா எத்தினி?"

"மொளகாயே கெடையாது."

"அப்பால இன்னா காரம்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோமாபுரி காசிமேட்டிலிருந்து ஒரு கூடை கவலை மீன் வாங்கிவந்தார். குடலைக்கூட எடுக்காமல், உப்புப் போட்டு அடுக்கடுக்காக ஊறுகாய் ஜாடியில் நிரப்பி, வாயில் துணி கட்டி, மொட்டைமாடி வெயிலில் வைத்தார். இரண்டு மாதம் ஊற வேண்டுமாம். மீனுக்குப் பெயர் கவலை. அன்றிலிருந்து எங்களுக்கு வேலையும் அதுதான்.

மூன்றாம் வாரம் காக்கைகள் எதிர்மாடிக்குக் குடிபெயர்ந்தன. ஐந்தாம் வாரம் ஜாடிக்குள்ளிருந்து யாரோ பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் வந்தது. காயப்போட்ட வேட்டியை எடுக்கப் போன கோவாலு வெறுங்கையோடு இறங்கி வந்தார்.

"சார், அது மூச்சு வுடுது."

நான் சிரிக்கவில்லை. துணி உப்பி உப்பித் தாழ்ந்ததை நானும் பார்த்திருந்தேன்.

இரண்டு மாதம் முடிந்த ஞாயிறு, ரோமாபுரி மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாறை வடிகட்டிக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். தேன் நிறம். நாங்கள் எல்லாரும் இலையைப் பின்னால் இழுத்துக்கொண்டோம். அவர் மட்டும் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டார். அறைக்குப் போய்ப் படுத்தார். கூப்பிட்டால் பதில் இல்லை. உலுக்கினாலும் எழவில்லை.

கோவாலு அவர் மூக்கருகே விரலை வைத்தார்.

"மூச்சு வருதா?" என்றேன்.

"வருது சார். கலீஜா வருது."

ஓடிப்போய்ப் பார்த்தால் டாக்டர் வீடு பூட்டிக்கிடந்தது. திரும்பி வந்து, தந்தி அடிக்க விலாசம் கிடைக்குமா என்று அவர் பெட்டியைத் துழாவினேன். ஒரு கடிதம்கூட இல்லை. அவருக்கு யாருமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அது ஒரு நொடி தாமதித்தால் என் நெஞ்சு நின்றது.

நாலு மணிக்குக் கண்ணைத் திறந்தார்.

"இன்னா, அல்லாரும் இங்க குந்திகினு கீறீங்க?"

"நீ பூட்டேன்னு நெனச்சோம் நைனா," என்றார் கோவாலு.

"தூங்கினேம்பா. ஒரு வாரமா தூக்கமே இல்ல."

"ஏன்?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். "பயந்தான். ஒரு வாரமா தெனம் ஒரு ஸ்பூனு நானே துன்னு பாத்துகினு கீறேன். நீங்கள்லாம் புள்ளகுட்டிக்காரங்க. எதுனா ஆச்சுன்னா என்னோட போவட்டும்னு."

கோவாலு கீழே போய்ச் சோற்றையும் அந்தக் கிண்ணத்தையும் எடுத்துவந்தார். ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டோம். நன்றாகத்தான் இருந்தது. இல்லாவிட்டாலும் சாப்பிட்டிருப்போம்.