கிறகரி கம்பனியைக் கைகழுவிய கதை

"இன்னைக்கும் மட்டன் ரோல்ஸா?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கிறகரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவக்காலம் முடியும்வரை இறைச்சியைத் தொடுவதில்லை என்று கணவனும் மனைவியும் சேர்ந்துதான் நேர்ந்திருந்தார்கள். கண்டி டவுனில் அவர் தின்றது, பள்ளிக்கூடம் விட்டதும் கோயிலுக்குப் போய்ச் செபித்துவிட்டு வரும் மனைவி றீற்றா டீச்சருக்கு எப்படித் தெரியும்?

"இன்னொரு தடவை தின்னீங்க, பாதர்கிட்ட சொல்லிருவேன். பெரிய வெள்ளிக்கு வேற யாராவது சிலுவை தூக்கட்டும்."

சிலுவைப் பாதையில் சிலுவை தூக்கும் பாக்கியம் இந்த வருடம்தான் கிறகரிக்கு வாய்த்திருந்தது. ரோல்ஸை விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அந்த யோசனை மட்டும் அவருக்கு வரவேயில்லை.

கந்தோரில் கூட வேலை செய்யும் சந்திரகுமார் துப்புத் துலக்கினான். "அண்ணே, உங்க போன்ல மெயில், மெப், போட்டோ எல்லாமே அந்த ஒரே கம்பனி. நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அக்காவுக்கு அதுதான் காட்டிக் குடுக்குது."

அன்றே கிறகரி கம்பனியைக் கைகழுவினார்.

முதலில் வழி காட்டும் மெப்பை அழித்தார். தெல்தெனியப் பக்கம் சாவு வீட்டுக்குப் போனவர், வழி தவறி ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்.

"ரோல்ஸ் தின்னுட்டு அழுதா அப்படித்தான்," என்றாள் றீற்றா.

அடுத்து கணக்கையே மூடினார். அதில் சேமித்திருந்த நம்பர்கள் எல்லாம் கூடவே போய்விட்டன. வேறு கம்பனியில் புது மெயில் திறந்தார். வங்கி அனுப்பிய இரகசிய இலக்கமோ பழைய மெயிலுக்கே போனது. பழையதைத் திறக்கப் போனால், நீங்கள் கிறகரிதானா என்று கம்பனி அவரிடமே சந்தேகப்பட்டது.

"நான்தான்டா!" என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

"கத்தாதீங்க. இன்னைக்கு ரெண்டு ரோல்ஸ், சில்லி சோஸ் வேற," என்றாள் றீற்றா, குசினியிலிருந்து.

மறுநாள் போனையே அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, டவுனில் வழக்கமாக ரோல்ஸ் தின்னும் கடைக்குப் போனார். எத்தனை நாளைக்குப் பிறகு இந்த நிம்மதி! கதிரையில் சாய்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"ரஸீன், இனி என்னை எந்தக் கம்பனியாலயும் பிடிக்க ஏலாது! சுடச்சுட மூணு மட்டன் ரோல்ஸ் கொண்டு வா!"

வெயிட்டர் ரஸீன் ஆவி பறக்கும் தட்டோடு வந்தான். வந்தவன் அவரைத் தாண்டி, பின்னால் திரை போட்டிருந்த பெமிலி ரூமை நோக்கி நடந்தான்.

"அட, கேட்டது நானில்லையா?"

"உங்களுக்கு அடுத்த தட்டு வருது சேர். இது உள்ள இரிக்கிற றீற்றா டீச்சருக்கு, அவங்க எப்பவும் போல உங்களுக்கு முந்தியே வந்திட்டாங்க."