கேட்காத காதுக்கு ஒரு லைன்

சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு இணையம் வந்ததற்கு அரசாங்கம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைப் பொறுத்தவரை அது முழுக்க முழுக்கச் சிக்னல் அக்காவின் வேலை.

அக்காவுக்கு லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்காவில், தையல் கடை. ரவிக்கை தைக்கப் போனால், அளவு எடுக்கும் முன்பே, "வீட்ல லைன் இருக்கா?" என்று கேட்பார். இல்லையென்றால் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிடுவார். கழுத்து எவ்வளவு இறக்கம் என்று வீடியோ அழைப்பில் பார்க்காமல் கத்தரி வைக்க மாட்டாராம். தீபாவளி ரவிக்கைக்காகவே லைன் போட்ட குடும்பங்கள் எங்கள் புளோக்கில் ஏராளம். ரவிக்கையே போடாத என்னையும் அவர் விடவில்லை. லிஃப்டில் மடக்கி, என் வீட்டு இணையம் ஆமைக்கு அண்ணன் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அன்றே மாற்றிவிட்டேன்.

அவரிடம் சிக்காத ஒரே ஆள் மூன்றாம் மாடிப் பொன்னையா அங்கிள். யாழ்ப்பாணப் பூர்வீகம், ஆபீஸ் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி, தனிக்கட்டை. காது அடியோடு போய்விட்டது. நேரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். டொரோண்டோவில் ஒரே தங்கை. போனில் அவர் சாப்பாட்டை விசாரித்தால் இவர் மழை இல்லை என்பார். அப்படியே பேச்சு குறைந்து நின்றுபோனது. இருவருக்கும் விமானம் ஏறும் வயதும் தாண்டிவிட்டது.

அங்கிள் கதவைத் தட்டிப் பயனில்லை என்பதால், கிரில் கேட்டுக்குள் டேப்பை விட்டு ஆட்டுவார் அக்கா. அவர் எட்டிப் பார்த்ததும் லைன் போடச் சொல்வார். அங்கிள் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். சரியான திமிர் பிடித்த மனுஷன் என்று அக்கா என்னிடம் புலம்புவார்.

ஒருநாள் என் முன்னாலேயே அங்கிள் வெடித்தார்.

"கேக்காத காதுக்கு எதுக்குப் பிள்ளை லைன்? இருந்த போனையே வெட்டிப்போட்டன்."

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. நமக்கு லைன் என்றால் இணையம், கிராணியாருக்கு லைன் என்றால் டெலிபோன். ஒரு சொல்லில் இத்தனை மாதம் வீணாய்ப் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அங்கிளுக்கு நேர் எதிரே போய், வாயை நிதானமாக அசைத்தார்.

"இது காதுக்கு இல்ல அங்கிள், கண்ணுக்கு. தங்கச்சி வாயைப் பார்த்தே பேசலாம் லா."

லைன் வந்தது. அன்று மாலை அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து டேப்லட்டை மேசையில் நிறுத்தினார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். தங்கை திரையில் தோன்றி வாயைத் திறந்தார், படம் உறைந்துவிட்டது. அங்கிளின் முகம் வாடிப்போனது. எனக்கே அழுகை வந்தது.

அக்கா விடுவாரா? வயரைப் பிடித்துக்கொண்டே போனவர் சாமி அலமாரி முன்னால் போய் நின்றார். பிளக் அங்கேதான் இருக்கிறது என்று ரவுட்டரை முருகன் பக்கத்தில் வைத்து, திருநீறும் பூசி, விளக்கு காட்டி முடித்ததும் வழக்கப்படி அலமாரியைச் சாத்தியிருக்கிறார் அங்கிள். அதுவும் பித்தளைத் தகடு அடித்த கதவுகள், சிக்னல் எங்கே வெளியே வரும்? அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டையும் அகலத் திறந்தார்.

படம் அசைந்தது.

"சாப்பிட்டியளோ அண்ணா?"

"ஓம். புட்டு," என்றார் அங்கிள்.

தங்கை அழுதுகொண்டே சிரித்தார். அக்கா டேப்பை வெற்றி மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் சுற்றுவது யார் என்று தங்கை கேட்டார். அங்கிள் திரும்பிப் பார்த்தார்.

"அது என்ட மற்றத் தங்கச்சி."

வாய் ஓயாத அக்கா டேப் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரே அக்கா என்கிறதே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கும் அன்றுதான் அவர் உண்மையிலேயே அக்கா ஆனார்.